ஏசி பைப் ஏன் வியர்க்கிறது, உறை போட்ட பிறகும் ஏன் சொட்டுகிறது

ஏசிக்குப் போகும் செம்புக் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டினால் வீட்டில் எல்லாரும் முதலில் தேடுவது ஓட்டையைத்தான். மெக்கானிக்குக்கு போன் போட்டு "பைப் லீக் ஆகுது" என்றுதான் சொல்கிறோம். ஆனால் அந்தக் குழாய்க்குள் தண்ணீரே கிடையாது, உள்ளே ஓடுவது கேஸ். கேஸ் கசிந்து அளவு குறைந்தால் குழாய்மேல் ஐஸ் படிந்து, அது உருகிச் சொட்டுவது உண்டு. அப்போதும் அந்த ஐஸ் காற்றிலிருந்து வந்த தண்ணீர்தான். எப்படிப் பார்த்தாலும் சொட்டுகிற ஒவ்வொரு துளியும் வெளிக்காற்றில் இருந்தது, குழாய்க்குள் இருந்தது அல்ல.

இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் குழாய்மேல் போடுகிற கறுப்பு ரப்பர் உறை (கடையில் இன்சுலேஷன், ஸ்லீவ், சிலர் வெறுமனே ஃபோம் என்பார்கள்) எதற்காக இருக்கிறது, அது எந்த இடத்தில் தோற்றுப்போகிறது என்பதெல்லாம் வரிசையாக விளங்கிவிடும். குளிர் வீணாகாமல் காப்பதுதான் உறையின் வேலை என்று நினைத்தே பெரும்பாலும் மாட்டுகிறார்கள். அது பாதி வேலை. காற்றில் இருக்கும் நீராவி குழாயைத் தொடாமல் தடுப்பது மீதிப் பாதி, சென்னை, கடலூர், தூத்துக்குடி மாதிரி கடற்கரை ஊர்களில் அதுதான் பெரிய பாதி. அதை மறந்துவிட்டு எவ்வளவு தடிமனாகப் போட்டாலும் சுவரில் ஓதம் அடிப்பது நிற்காது.

மண்பானையும் வியர்க்கிறதே, அதுவும் இதுவும் ஒன்றுதானா என்று சிலர் கேட்பார்கள். இல்லை, இரண்டும் நேர் எதிர். பானையில் தண்ணீர் உள்ளேயிருந்து மண்ணின் நுண்துளைகள் வழியாக வெளியே கசிந்து ஆவியாகிறது, ஆவியாகும்போது பானையின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது, அதனால் பானை குளிர்கிறது. குழாயில் நடப்பது ஆவி தண்ணீராவது. அப்படி ஆகும்போது ஆவி தன்னிடமிருந்த சூட்டையெல்லாம் குழாயிடம் இறக்கிவைத்துவிடுகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் குழாய்மேல் படிந்தால் ஏறத்தாழ 0.68 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் குழாய்க்குள் போகிறது. மொட்டையாகக் கிடக்கிற குழாய் சொட்டச் சொட்ட, ஏசி தன் குளிரை மொட்டைமாடியில் வீணாக்கிக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம்.

பனித்துளி எங்கிருந்து வருகிறது என்பதில் ஒரு காலத்தில் பெரிய அறிஞர்களுக்கே குழப்பம் இருந்தது. வானத்திலிருந்து விழுகிறது என்றார்கள் சிலர், தரையிலிருந்து எழுகிறது என்றார்கள் வேறு சிலர். வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்ற லண்டன் மருத்துவர் கம்பளிப் பஞ்சைச் சிறு சிறு சுருளாக எடைபோட்டு, இரவில் தோட்டத்தில் திறந்தவெளியிலும் பலகைக்குக் கீழேயும் வைத்து, மறுபடி எடைபோட்டு எவ்வளவு பனி சேர்ந்தது என்று பொறுமையாகப் பார்த்தார். 1814 இல் அவர் வெளியிட்ட முடிவு: பொருள் முதலில் குளிர்கிறது, அந்தக் குளிர்ந்த பொருளைத் தொடும் காற்றிலிருந்துதான் பனி படிகிறது. ஏசி பைப்புக்கும் இதே விதிதான்.

சரி, எவ்வளவு குளிர்ந்தால் படியும்? 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றால் அதிகபட்சம் சுமார் 30 கிராம் நீராவியை வைத்திருக்க முடியும். 7 டிகிரிக்கு வந்தால் 8 கிராம்கூட முழுசாகத் தாங்காது. காற்றைக் குளிர்வித்துக்கொண்டே போனால் ஏதோ ஒரு வெப்பநிலையில் அது வைத்திருக்கிற ஆவியே அதற்கு முழுக் கொள்ளளவாகிவிடும், அதுதான் பனிநிலை. அதற்குக் கீழே இருக்கிற எந்தப் பரப்பும் வியர்க்கும். காற்று 32 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் பனிநிலை 28 டிகிரிக்குச் சற்று மேலே. சென்னையில் இது அபூர்வமான நாள் இல்லை, கடல்காற்று உள்ளே வந்த சாயங்காலமோ மழைக்கு முந்தைய விடியற்காலையோ சாதாரணமாக இந்தப் பக்கம் வந்துவிடும். டெல்லியின் மே மாத மதியத்தை எடுத்துக்கொள்ளுங்கள், 42 டிகிரி, ஈரப்பதம் 15 சதவீதம், பனிநிலை வெறும் 10 டிகிரி. அங்கே அந்த மாதம் மொட்டையாக விட்ட குழாய்கூட அதிகம் வியர்க்காமல் தப்பித்துவிடும். அதே டெல்லியில் ஜூலையில் பருவமழை வந்துவிட்டால் நம் கதைதான். வடக்கே வறண்ட ஊரில் ஒழுங்காக ஓடிய ஏசியை, அதே உறையோடு கழற்றிக் கொண்டுவந்து இங்கே மாட்டினால் சொட்டுவது இதனால்தான்.

குளிர்நாடுகளில் இந்தப் பேச்சு வந்தாலே தண்ணீர்க் குழாயைத்தான் சொல்வார்கள். தெருவுக்கு அடியிலிருந்து வரும் தண்ணீரே அங்கே கோடையிலும் சில்லென்று இருக்கும், அது புழுக்கமான நிலவறை வழியாகப் போகும்போது குழாய் முழுக்க முத்து முத்தாக நிற்கும். நமக்கு மேல்தொட்டித் தண்ணீர் பகலில் கை சுடுகிற அளவுக்கு வருவதால் வீட்டுத் தண்ணீர்க் குழாய் வியர்ப்பதை நாம் பெரும்பாலும் பார்ப்பதில்லை. இங்கே பிரச்சினை ஏசியின் செம்புக் குழாய், அதன் டிரெயின் பைப், பெரிய கட்டடங்களின் சில்டு வாட்டர் லைன் (ஏசிக்காகக் குளிர்ந்த தண்ணீர் ஓடும் குழாய்), அப்புறம் பால் குளிரூட்டும் நிலையம், ஐஸ் ஃபேக்டரி, குளிர்பதனக் கிடங்கு ஆகிய இடங்களில்தான்.

ஏசிக்குள் வியர்ப்பது குறையல்ல, அதன் பிறப்பே அதற்காகத்தான். 1902 இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் ஈரப்பதம் ஏறி இறங்கி, காகிதம் விரிந்து சுருங்கி, வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழாமல் போனது. அதைத் தீர்க்க வில்லிஸ் கேரியர் வடிவமைத்த அமைப்புதான் இன்றைய ஏசியின் தொடக்கம், குளிர்ந்த காயிலின் (வளைத்து மடித்த குழாய்) மேல் காற்றைச் செலுத்தி அதிலிருக்கும் தண்ணீரைப் பிடித்தார். இன்டோர் யூனிட்டின் காயில் இன்றைக்கும் அதையேதான் செய்கிறது. ஆனால் காயிலுக்குக் கீழே தட்டு இருக்கிறது, தட்டிலிருந்து டிரெயின் போகிறது. வியர்த்தால் எங்கே போக வேண்டும் என்று யோசித்துச் செய்திருக்கிறார்கள். குழாய்க்கு அப்படி எதுவும் இல்லை. அது வியர்த்தால் ஃபால்ஸ் சீலிங்கிலோ சுவருக்குள்ளோதான் இறங்கும்.

அடுத்து, ஏசிக்குப் போவது இரண்டு செம்புக் குழாய், ஒன்று தடிமன், ஒன்று மெல்லிசு. எந்தக் குழாய்க்கு உறை? தடிமனான பைப்புக்கு மட்டும் போட்டால் போதும், மெல்லிய பைப் சூடாகத்தான் இருக்கும் என்று பழைய கைகள் சில சொல்லும். அது பழைய அமைப்புக்குப் பொருந்தும், இன்டோரில் எக்ஸ்பான்ஷன் வால்வு (அழுத்தத்தைக் குறைத்துக் கேஸைக் குளிரவைக்கும் பகுதி) இருக்கிற பெரிய சிஸ்டங்களுக்கு இன்றைக்கும் பொருந்தும். வீட்டு ஸ்ப்ளிட் ஏசிகளில் பெரும்பாலானவற்றில் கேப்பிலரியோ (அதே வேலையைச் செய்யும் மெல்லிய குழாய்) எக்ஸ்பான்ஷன் வால்வோ அவுட்டோர் யூனிட்டுக்குள்ளேயே இருக்கிறது. அதாவது அழுத்தம் குறைந்து குளிர்ந்த திரவ-கேஸ் கலவை அங்கிருந்தே கிளம்பி மெல்லிய பைப் வழியாக வருகிறது. ஆகவே இரண்டு பைப்பும் குளிர்தான், இரண்டுக்கும் தனித்தனி உறை வேண்டும். இரண்டையும் சேர்த்து ஒரே ஸ்லீவுக்குள் திணித்தால் நடுவில் இடைவெளி விழும், காற்று அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும்.

தடிமன் விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். உறை போட்டுவிட்டோமே, பிறகென்ன என்று நினைக்கிறோம். ஆனால் உறை செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, தன் வெளிப்புறத்தைப் பனிநிலைக்கு மேலே வைத்திருக்க வேண்டும். அது முடியாத அளவுக்கு மெல்லிசாக இருந்தால் குழாய்க்குப் பதில் உறையே வியர்க்கும், அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அரை இஞ்சு செம்புக் குழாய், வெளி விட்டம் 12.7 மில்லிமீட்டர். குழாய் 7 டிகிரியில் இருக்கிறது, வெளிக்காற்று 32 டிகிரி. உறை செய்கிற நைட்ரைல் ரப்பர் ஃபோமின் வெப்பக் கடத்துதிறன் 0.036, காற்று அதிகம் அசையாத இடத்தில் பரப்பு வெப்பம் வாங்கும் அளவு சதுர மீட்டருக்கு டிகிரிக்கு 8 வாட் என்று வைத்துக்கொள்கிறேன். இந்தக் கணக்கில் 9 மி.மீ. உறை சுமார் 70 சதவீத ஈரப்பதம் வரைக்கும்தான் காய்ந்திருக்கும். 13 மி.மீ. என்றால் 78 வரை. 19 மி.மீ. போட்டால் 85, 25 மி.மீ. போட்டால் 89 வரை தாங்கும்.

இந்த எண்களைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 70 இலிருந்து 78 க்குப் போக 4 மி.மீ. போதுமாக இருந்தது, 85 இலிருந்து 89 க்குப் போக 6 மி.மீ. தேவைப்படுகிறது. ஈரப்பதம் நூறை நெருங்க நெருங்க பனிநிலை காற்றின் வெப்பநிலைக்குப் பக்கத்திலேயே வந்து நின்றுகொள்கிறது, உறையின் மேற்பரப்பு காற்றைவிட ஒன்றிரண்டு டிகிரிகூடக் குளிரக் கூடாது என்றாகிவிடுகிறது, அதற்குத் தடிமன் ஏகமாக வேண்டும். அதனால் எந்த நாளும் வியர்க்காத உறை என்று ஒன்றை எதிர்பார்ப்பது நியாயமில்லை. வடகிழக்குப் பருவமழை விடாமல் பெய்கிற இரவில் மொட்டைமாடியில் கொஞ்சம் வியர்த்தால் வியர்க்கட்டும், அங்கே எப்படியும் மழைத் தண்ணீர்தான். ஆனால் பெட்டியோடு தருகிற 9 மி.மீ. உறையை அப்படியே ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலேயும் மரத் தடுப்புக்குப் பின்னாலேயும் ஓட்டுவது தவறு. கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குக் குறைந்தது 19 மி.மீ. போடுங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வேன். மீட்டருக்குச் சில ரூபாய் கூடும், சீலிங்கைப் பிரித்துப் போடுகிற செலவோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

மூடிய இடத்துக்கு ஏன் இந்தத் தனிக் கவனம் என்றால், அங்கே காற்று அசையாது. நிறையப் பேர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள், காற்று பட்டால்தானே ஈரம் வரும், மூடி வைத்துவிட்டால் வராது என்று. உறையின் வெளிப்புறம் பனிநிலைக்கு மேலே இருக்க வேண்டுமானால் அறைக்காற்றிலிருந்து அதற்குக் கொஞ்சம் சூடு வந்துகொண்டே இருக்க வேண்டும். காற்று தேங்கிவிட்டால் அந்தச் சூடு வருவது குறைந்து மேற்பரப்பு இன்னும் குளிரும். இரண்டு பைப்பை இடைவெளியே இல்லாமல் ஒட்டி ஓட்டினாலும், சுவரோடு அழுத்தி வைத்தாலும் இதேதான். சுவரை ஒட்டிய பக்கம் மட்டும் ஈரமாகி அந்தக் கோட்டிலேயே பூசணம் வரி வரியாக வருவதைப் பார்த்திருப்பீர்கள். பூசணத்துக்குச் சொட்டுத் தண்ணீர்கூட வேண்டியதில்லை, பரப்பை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றாலே போதும்.

இதே காரணத்தால் அலுமினியத் தகடு சுற்றினாலும் ஒரு விலை உண்டு. பளபளப்பான பரப்பு சுற்றியிருக்கிற சுவர்களின் கதிர்வீச்சைத் திருப்பி அனுப்பிவிடும், அதனால் குளிர் காக்கப்படும் என்று நினைப்போம். குளிர் காக்கப்படுவது உண்மை. ஆனால் அந்தக் கதிர்வீச்சுதான் மேற்பரப்பை வெதுவெதுப்பாக வைத்திருந்தது, அது போனதும் மேற்பரப்பு இன்னும் கொஞ்சம் குளிர்கிறது. பெரிய குழாய் ஒன்றைத் தட்டையான பரப்பு மாதிரி வைத்து மேலே சொன்ன அதே கணக்கைப் போட்டால், 25 மி.மீ. உறை மங்கலான கறுப்பாக இருக்கும்போது 80 சதவீதம் வரை தாங்குகிறது, அதே உறைமேல் பளபளப்பான தகடு வந்தால் சுமார் 72 லேயே வியர்க்கத் தொடங்குகிறது. தகடு வேண்டாம் என்று சொல்லவில்லை, வெயிலில் அது அவசியம். தகடு போடுவதாக இருந்தால் தடிமனைக் கூட்டிப் போட வேண்டும்.

இனி அந்தப் பெரிய பாதிக்கு, ஆவியைத் தடுக்கிற வேலைக்கு, வருவோம். 32 டிகிரி, 80 சதவீதக் காற்றில் நீராவியின் அழுத்தம் சுமார் 38 மில்லிபார். 7 டிகிரிக் குழாயை ஒட்டிய இடத்தில் அது 10 மில்லிபாருக்கு மேல் போக முடியாது. இந்த வித்தியாசம் இருக்கிறவரை ஆவி வெளியிலிருந்து உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும், ஏசி ஓடுகிற ஒவ்வொரு மணி நேரமும், ஒரே திசையில். சுடுதண்ணீர்க் குழாய்க்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கே உறைக்குள் ஈரம் இருந்தாலும் சூடே அதை வெளியே ஓட்டிவிடும். அதனால்தான் சுடுகுழாய்க்குப் போடுகிற வெறும் கிளாஸ் வுல்லை (கண்ணாடி இழைப் பஞ்சு) அப்படியே குளிர்க்குழாய்க்குச் சுற்றினால் கெட்டுப்போகிறது. வெப்பத்தைத் தடுப்பதில் கிளாஸ் வுல் நைட்ரைலுக்குச் சமம்தான், ஆனால் ஆவியைத் தடுப்பதில் அது சும்மா கிடக்கிற காற்றுக்குச் சமம். ஆவி இழைகளுக்கு நடுவே தாராளமாக உள்ளே போய், குழாயைத் தொட்டதும் தண்ணீராகி அங்கேயே தங்கிவிடும். நைட்ரைல் ரப்பரிலும் நல்ல பாலிஎத்திலீன் ஃபோமிலும் ஒவ்வொரு காற்றுக்குமிழும் தனித்தனியாக மூடியிருக்கும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழி கிடையாது. நைட்ரைல் ஃபோம் அதே தடிமன் காற்றைவிட ஆவியைப் பல ஆயிரம் மடங்கு தடுக்கும். நம் ஊரில் முன்பெல்லாம் சில்டு வாட்டர் லைனுக்குத் தெர்மகோல் அரைவட்டங்களை வைத்து, தார் பூசி, கோழிவலை சுற்றி, சிமெண்ட் பூசுவார்கள், பழைய கட்டடங்களின் பிளாண்ட் ரூமில் இன்னும் பார்க்கலாம். அந்த வேலையில் உயிர்நாடி தார்தான். தார் விடுபட்ட இடமெல்லாம் ஓர் இரண்டு பருவத்துக்குள் ஊறிப்போய் சிமெண்ட் பிளந்து நிற்கும்.

ஈரமான உறை வெறுமனே பயனற்றது என்பதோடு நிற்பதில்லை. தண்ணீரின் வெப்பக் கடத்துதிறன் சுமார் 0.6, அதாவது ஃபோமைவிடப் பதினாறு பதினேழு மடங்கு. உறை கொஞ்சம் நனைந்தால் குளிர் இன்னும் வேகமாக வெளியே வருகிறது, மேற்பரப்பு இன்னும் குளிர்கிறது, இன்னும் ஈரம் இழுக்கிறது. ஒருமுறை தொடங்கினால் தானாக நிற்காது. பூஜ்யத்துக்குக் கீழே ஓடுகிற ஐஸ் ஃபேக்டரிக் குழாயில் உள்ளே போன தண்ணீர் ஐஸாகி, விரிந்து, உறையையே பிளந்துவிடும். இரும்புக் குழாயாக இருந்தால் அந்த ஈரத்துக்கு அடியில் துரு யாருக்கும் தெரியாமல் தின்றுகொண்டிருக்கும். செம்பு துருப்பிடிக்காது என்று அலட்சியமாக இருக்கவும் முடியாது. சில பசைகளிலிருந்தும் வீட்டுக் காற்றிலிருந்தும் வரும் கரிம அமிலங்கள் ஈரத்தோடு சேர்ந்தால் செம்புச் சுவருக்குள் புற்று மாதிரி நுண்ணிய சுரங்கங்கள் விழும், ஒருநாள் கேஸ் மொத்தமும் போயிருக்கும்.

இவ்வளவு நல்ல பொருள் கையில் இருந்தும் ஏன் சொட்டுகிறது என்றால், உறை தோற்பது பெரும்பாலும் நடுவில் இல்லை, முனையில். ஏசி இன்டோரின் பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்தால் தெரியும். நீளமாக வரும் பைப் முழுக்க ஒழுங்காக உறை இருக்கும், கடைசி ஒரு சாண் மட்டும், பைப்பை யூனிட்டோடு இணைக்கிற பித்தளை ஃப்ளேர் நட்டு இருக்கிற இடம், மொட்டையாக இருக்கும், அல்லது வெள்ளை டேப்பை மட்டும் நாலு சுற்று சுற்றி விட்டிருப்பார்கள். நட்டின் மேல் துளிகள் நிற்கும், அவை பைப்பின் சரிவில் ஓடி, சுவர்த் துளை வழியாகப் பெயிண்டுக்குப் பின்னால் இறங்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டடி தள்ளி எங்கோ சுவர் உப்பியிருக்கும். அந்த இணைப்பைக் கடைசியில்தான் மூட வேண்டும் என்பது முறை, லீக் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதானே மூட முடியும். ஆனால் டெஸ்ட் முடிந்து ஏசி குளிர ஆரம்பித்ததும் எல்லாரும் நிம்மதியாகி டீ குடிக்கப் போய்விடுகிறார்கள், மூடுகிற வேலை அப்படியே நின்றுவிடுகிறது. காசு கொடுப்பதற்கு முன்னால் அந்த இரண்டு முனையையும், உள்ளே ஒன்று, அவுட்டோரில் ஒன்று, கண்ணால் பார்த்துவிடுங்கள்.

ஸ்லீவை நீளவாக்கில் கிழித்து மாட்டுவது இரண்டாவது சிக்கல். பைப்பை இணைப்பதற்கு முன்பே முழு ஸ்லீவை உள்ளே தள்ளிவிட்டால் கிழிக்க வேண்டியதே இல்லை. கிழித்தாக வேண்டிய இடத்தில் இரண்டு வாய்க்கும் ரப்பர் பசை தடவி, கையில் ஒட்டாத பதத்துக்குக் காயவிட்டு, பிறகு அழுத்தி ஒட்ட வேண்டும். டேப் பசைக்கு மாற்று இல்லை. டேப்பை இறுக்க இறுக்கச் சுற்றினால் இன்னொரு கெடுதல், 13 மி.மீ. ஃபோம் நசுங்கி 8, 9 ஆகிவிடும், நாம் காசு கொடுத்து வாங்கிய தடிமன் போச்சு. கேபிள் டை போட்டு இறுக்கிய இடத்திலெல்லாம் ஒரு வளையம் ஈரமாக இருப்பதும் இதனால்தான். ஸ்லீவை இழுத்து நீட்டி மாட்டுவதும் கூடாது. ரப்பர் நாளடைவில் சுருங்கும், சுருங்கினால் இரண்டு துண்டு சேரும் இடத்தில் ஒரு விரல் அகலத்துக்கு வாய் திறந்துகொள்ளும். கொஞ்சம் கூடுதல் நீளமாக வெட்டி, துண்டுகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கிற மாதிரி ஒட்ட வேண்டும்.

மொட்டைமாடியில் வேறு எதிரி. நைட்ரைல் ரப்பருக்கு வெயிலின் புறஊதாக் கதிர் ஆகாது. வெறுமனே விட்டால் ஒன்றிரண்டு கோடையில் மேல்தோல் வெடித்து, தொட்டால் கையெல்லாம் கறுப்புப் பொடியாக வரும். டேப்பும் காய்ந்து சருகாகி உரியும், காக்கையும் அணிலும் மீதியைப் பிய்த்துப் போடும். அப்படிப்பட்ட உறையைப் பிரித்தால் மேல்பக்கம் மரக்கட்டை மாதிரி விறைத்திருக்கும், கீழ்ப்பக்கம் பிழிந்தால் தண்ணீர் வரும். வெளியே போகிற பகுதிக்குக் கண்ணாடி இழைத் துணி சுற்றி அதற்கான பூச்சு அடிக்கலாம், அல்லது தகடோ பிவிசி சேனலோ போட்டு மறைக்கலாம். டேப்தான் சுற்றுகிறீர்கள் என்றால் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். அப்போதுதான் மேல் சுற்று கீழ்ச் சுற்றின்மேல் ஏறி நிற்கும், மழைத் தண்ணீர் மடிப்புக்குள் போகாமல் வழிந்து ஓடும். மேலிருந்து கீழே சுற்றினால் ஒவ்வொரு மடிப்பும் தண்ணீர் வாங்குகிற வாயாகிவிடும்.

பெரிய கட்டடங்களில் பொதுவாக 7 டிகிரியில் தண்ணீர் போய் 12 டிகிரியில் திரும்பும். அங்கே கிளாம்ப்தான் எப்போதும் முதல் குற்றவாளி. உறையை வெட்டிவிட்டு இரும்புக் கிளாம்பை நேரே குழாய்மேல் மாட்டினால் குளிர் கிளாம்ப் வழியாக அதைத் தாங்கும் ராடு வரைக்கும் ஏறிவிடும், ராடே சொட்டும். தாரில் ஊறவைத்த மரக் கட்டையையோ கெட்டியான பியூ (பாலியூரிதேன்) ஃபோம் வளையத்தையோ குழாய்க்கும் கிளாம்புக்கும் நடுவே வைப்பது பழைய வழக்கம், அது இன்றும் சரியான வழக்கம். அடுத்தது வால்வும் ஸ்டிரெயினரும் (தண்ணீரில் வரும் குப்பையைப் பிடிக்கும் வடிகட்டி). சர்வீஸுக்குத் திறக்க வேண்டியிருப்பதால் அவற்றை மூடாமல் விடுகிறார்கள், அல்லது ஒருமுறை திறந்தவர் திரும்ப மூடுவதில்லை. மருத்துவமனைகளின் நடைபாதையில் சீலிங் ஓட்டில் பழுப்பு வளையம் தெரிந்தால் பெரும்பாலும் அதற்கு நேர் மேலே ஒரு வால்வு இருக்கும். நோயாளிகள் படுத்திருக்கிற இடத்துக்கு மேலே பூசணம் வளர விடுவது என்னால் பொறுத்துக்கொள்ள முடியாத ஒன்று. கழற்றி மாட்டக்கூடிய பெட்டி உறை செய்து வைத்தால் தீர்கிற விஷயம் இது.

டிரெயின் பைப்பை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. காயிலிலிருந்து இறங்குகிற தண்ணீரும் குளிர்தான், புழுக்கமான நாளில் ஒரு டன் ஏசியே மணிக்கு ஒரு லிட்டர் பக்கம் இறக்கும். அந்த பிவிசி பைப் ஃபால்ஸ் சீலிங்குக்குள் போகிறது என்றால் அதற்கும் 6 அல்லது 9 மி.மீ. உறை வேண்டும். வெளியே சுவரில் இறங்குகிற பகுதிக்குத் தேவையில்லை.

ஏற்கெனவே சொட்டுகிற வீட்டில் என்ன செய்வது? முதலில் அது வியர்வையா, தண்ணீர்க் குழாய்க் கசிவா, டிரெயின் அடைப்பா என்று பிரித்துப் பாருங்கள். ஏசியை ஒரு நாள் முழுக்க நிறுத்திவைத்து இடத்தைத் துடைத்து விடுங்கள். அப்போதும் ஈரம் வந்துகொண்டே இருந்தால் அது தண்ணீர்க் குழாய் வேலை, பிளம்பரைக் கூப்பிடுங்கள். நின்றுபோனால் ஏசி பக்கம்தான், டிரெயினில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றி வெளியே சரியாக வருகிறதா என்று பாருங்கள், வந்தால் மிச்சம் இருப்பது உறை. கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போனால் ஊறிய இடம் கைக்கே தெரியும், கனமாக, சொதசொதவென்று இருக்கும். ஊறிய உறைமேல் புது உறையைச் சுற்றுவதுதான் பலரும் செய்கிற பரிகாரம், அது ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கிற வேலை. ஊறிய பகுதியை வெட்டி எடுத்து, குழாயைத் துடைத்து, ஏசி ஓடாமல் நன்றாகக் காயவிட்டு, பச்சை படிந்திருந்தால் தேய்த்துவிட்டு, பிறகு புதுத் துண்டைப் பசை போட்டு ஒட்ட வேண்டும். ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒட்டினால் வேலை பார்க்கிற அந்தச் சில நிமிடங்களிலேயே குழாய் வியர்த்து அந்த ஈரம் உள்ளே மாட்டிக்கொள்ளும், பசையும் பிடிக்காது. பழைய உறை காய்ந்து நல்ல நிலையில் இருந்து தடிமன் மட்டும் போதவில்லை என்றால் அதன்மேல் இன்னொரு அடுக்கு போடலாம், மேல் அடுக்கின் இணைப்பு கீழ் அடுக்கின் இணைப்புக்கு நேராக வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ரிமோட்டிலும் கொஞ்சம் கை வைக்கலாம். இந்தியாவில் 2020 ஜனவரியிலிருந்து ஸ்டார் முத்திரை பெற்ற அறை ஏசிகள் 24 டிகிரியைத் தொடக்க அளவாக வைத்துத்தான் வர வேண்டும் என்பது விதி, அது மின்சாரத்துக்காக வந்தது. 18 இல் வைத்து இரவெல்லாம் ஓட்டினால் குழாய் மட்டும் இல்லை, அறையே பனிநிலைக்குப் பத்து டிகிரி கீழே போய்விடுகிறது. காலையில் ஜன்னல் கண்ணாடி வெளிப்பக்கம் நனைந்திருப்பதும், பக்கத்து அறைச் சுவர் ஜில்லென்று ஈரமாக இருப்பதும் அதனால்தான். சுவருக்கு ஸ்லீவ் மாட்ட முடியாது, ஆகவே அங்கே 24, 25 இல் வைப்பது ஒன்றுதான் வழி. குழாயைப் பொறுத்தவரை செப்டம்பரில் ஒருநாள் மாடிக்குப் போய் உறையைத் தடவிப் பாருங்கள். வெடித்திருந்தால் மழை தொடங்குவதற்குள் மாற்றிவிடலாம், அக்டோபர் வந்த பிறகு அதைக் காயவைக்க ஒரு வெயில் நாள் கிடைப்பது கஷ்டம்.